பனியில் அகன்ற தடம்

சாலைப்பணி முகாம், அருணாசலப் பிரதேசம்
3.3.2025

தங்கை பவித்ராவுக்கு,

ஜீவாவோடு வேலை செய்யும் இளங்கோ அண்ணன் எழுதுவது. நீயும் உன் மாமியாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஜீவா பனிச்சரிவில் காணாமல் போய் மூன்று வாரம் ஆகிறது. பொக்லைன் நின்ற கீழ் வளைவில் நான்கு நாள் பனியைத் தோண்டினார்கள். அவன் அங்கே இல்லை.

போனில் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். பனி சரிந்த மறுநாள் மேல் வளைவில் பெரிய பெரிய காலடித் தடங்களைப் பார்த்தோம். ஒவ்வொன்றும் என் காலைப் போல இரண்டு மடங்கு. ஒரே வரிசையாக முகாம் பக்கம் இறங்கி, சாலை வந்ததும் மறைந்துவிட்டன. மலையில் ரோமம் மூடிய பெரிய குரங்கு மனிதன் உண்டு, ஆளைத் தூக்கிப்போனாலும் கொல்லாது என்று இங்குள்ள கூலியாட்கள் சொல்கிறார்கள். சீனாவில் பத்தடி உயரக் குரங்கு ஒரு காலத்தில் இருந்ததாக விஞ்ஞானமே சொல்கிறதாம், எங்கள் என்ஜினியர் காட்டினார். நீ உயிரியல் டீச்சர், உனக்குத் தெரிந்திருக்கும். ஜீவா அம்மாவிடம் நம்பிக்கையாக இருக்கச் சொல். நீ அழுதுகொண்டே இருக்காதே.

உன் அண்ணன்
இளங்கோ

வெள்ளானூர்
17.3.2025

இளங்கோ அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. நான் அழவில்லை. காலையில் பஸ் பிடித்துத் திருமுல்லைவாயில் பள்ளிக்குப் போகிறேன், பேப்பர் திருத்துகிறேன். கை அதன் வேலையைச் செய்கிறது.

அத்தைக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "கறி துன்னுமா அது?" என்று கேட்டார். இலை தழைதான் தின்றிருக்கும் என்றேன். "அப்ப எம்புள்ளய ஒண்ணும் பண்ணாது" என்றார். காரியத்துக்கு நாள் குறிக்க வந்த வேம்புலி மாமாவை, "அவன் உசுரோட கீறான், நீ போ" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தக் குரங்கு இருந்தது உண்மை. தெற்குச் சீனக் குகைகளில் ஏராளமான பற்களும் நான்கு தாடைகளும் கிடைத்தன. கை கால் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நிமிர்ந்து நடந்ததா என்றே யாருக்கும் தெரியாது. காட்டில் வாழ்ந்தது, பனியில் அல்ல. அழிந்து இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதைக் கண்டவர்களின் நினைவுதான் இந்தக் கதைகளாக மிஞ்சியது என்று சிலர் சொல்வதுண்டு. ஜீவாவுக்குத் தன் தாத்தாவின் அப்பா பெயரே தெரியாது. இரண்டு லட்சம் ஆண்டு யார் நினைவில் வைத்திருப்பது? பனி மனிதனுடையது என்று வைத்திருந்த முடிகளைச் சோதித்தபோது பெரும்பாலும் கரடி என்றுதான் தெரிந்தது.

இன்னொன்று. பனியில் பதிந்த தடம் வெயில் பட்டால் ஓரம் கரைந்து அகலும். சாதாரண மனிதக் காலடி மறுநாள் இரண்டு மடங்காகத் தெரியும். ஆளைத் தூக்கிய மிருகம் மலைமேல் அல்லவா போகும்? இது முகாமுக்கு வந்திருக்கிறது.

அது யாருடைய தடம் அண்ணா?

உங்கள் தங்கை
பவித்ரா

முகாம்
2.4.2025

பவித்ரா,

என் தடம்தான்.

அன்று பிற்பகல் நாங்கள் இருவரும் மேல் வளைவுக்கு நடந்து போனோம், எவ்வளவு பனி அடைத்திருக்கிறது என்று பார்க்க. "நீ இங்கியே நில்லு மச்சான், நான் பாத்துட்டு வந்துடறேன்" என்று முன்னால் போனான். பனி சரிந்தது. சத்தம் அடங்கியதும் உள்ளிருந்து கூப்பிட்டான். "மச்சான், இங்க கீறேன்" என்றான். கையால் தோண்டினேன். மேலே மறுபடி விரிசல் விட்டது. கால் மணி நேரம் கூப்பிட்டிருப்பான். அவன் கூப்பிடும்போதே இறங்கி ஓடிவந்துவிட்டேன்.

விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கீழ் வளைவில் பொக்லைன் பக்கம் தனியாக இருந்தான் என்று சொன்னேன். அங்கேயே தோண்டினார்கள். பார்த்துக்கொண்டு நின்றேன். குரங்கு என்று அவர்கள் பேசியபோது எனக்கும் அப்படியே இருந்துவிடட்டும் என்று தோன்றியது.

உன் கடிதம் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இன்று மேல் வளைவில் தோண்டினார்கள். கிடைத்தான்.

இளங்கோ

வெள்ளானூர்
20.4.2025

இளங்கோவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு நான்கு நாள் முன்பே ஜீவா வந்துவிட்டார். முகம் மாறவில்லை. வேம்புலி மாமா கொள்ளி வைத்தார். நேற்று காரியமும் முடிந்தது.

அத்தை உங்கள் கடிதத்தைப் படிக்கச் சொன்னார். ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். "எவ்ளோ நேரம் கூப்ட்டானாம்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எழுதல அத்தை" என்றேன்.

"பயந்துட்டான். அவனும் ஒருத்தி பெத்த புள்ளதானே" என்றார். லீவில் வந்தால் உங்களை வீட்டுக்கு வரச்சொல்லி எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

வாருங்கள். அவர் சோறு போடுவார். நான் ஒன்பதிலிருந்து ஐந்து வரை பள்ளியில் இருப்பேன். அந்த நேரத்தில் வாருங்கள்.

ஜீ. பவித்ரா