இடக்காதைத் தொட்ட கை

அக்கா,

மார்கழி விதைப்புக்காக வைத்திருந்த வேர்க்கடலை மூட்டையை இன்று காலை அவிழ்த்தேன். உள்ளிருந்து கிளம்பிய செம்மண் தூசி நேரே மூக்கில் ஏறியது. நான் போட்ட தும்மலில் செம்பரம்பாக்கம் ஏரியில் அலை எழும்பி, அக்கரையில் துணி துவைத்தவர்களை நனைத்திருக்கும். மொத்தம் பத்துத் தும்மல். எட்டாவதில் உன் ஞாபகம் வந்தது. ஒன்பதாவதில் உன்னிடம் ஒன்று கேட்டே ஆகவேண்டும் என்று தோன்றியது. பத்தாவதில்தான், நீ போன தை மாதமே போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பது உறைத்தது. அதனால் எழுதுகிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது என்பது ஒரு தடையே இல்லை. நீ இருந்தபோதும் உனக்குக் கடிதம் எழுதி, அடுத்த பஸ்ஸில் நானே வந்து படித்துக் காட்டியவன்தானே நான்.

உன் மகள் செல்வியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோமே, அந்த விஷயம்தான். அதற்கு முந்தின வாரம் நீ நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது, வரப்பில் உட்கார வைத்திருந்த குழந்தை வாய்க்காலில் விழுந்துவிட்டது. ஒரு முழத் தண்ணீர்தான். ஆனாலும் அவளைத் தூக்கி எடுத்தபிறகு அன்று பூராவும் நீ அவளை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. உன் வீட்டுக்காரர் லாரியோடு ஆந்திரா பக்கம் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. “ஒரு கூரைக்குக் கீழ உக்கார்ந்து இருந்தா போதும்டா, எழுத்து கூட வேணாம்” என்றாய். அவளுக்கு அப்போது வயது நாலுதான். பள்ளிக்கூடத்தில் ஐந்து நிறைந்திருக்க வேண்டும்.

பிறந்த தேதியெல்லாம் அந்தக் காலத்தில் யாருக்கு இருந்தது? வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. தலைமையாசிரியர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். செல்விக்கு வலப்பக்கம் நீ, இடப்பக்கம் நான். அவள் கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. காதுக்கும் விரலுக்கும் இடையே ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் உள்ள தூரம். தலைமையாசிரியர் பேனாவை மையில் தோய்த்த அந்த நொடியில், நான் ஒற்றை விரலால் குழந்தையின் தலையை உன் பக்கமாகச் சாய்த்தேன். விரல் காதைத் தொட்டது. அவர் தாமாகவே ஒரு பிறந்த தேதியைக் கண்டுபிடித்துப் பதிவேட்டில் எழுதினார். சாமி தேரை நகர்த்தப் பத்து ஊர் ஜனம் வேண்டும், நான் ஒரு விரலால் ஒரு வருஷத்தையே நகர்த்தினேன் என்று ஒரு மாதம் எனக்குள்ளேயே பெருமை அடித்துக்கொண்டேன். உன்னிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

பெருமை சீக்கிரமே வடிந்தது. மற்ற பிள்ளைகள் பல்பத்தை மூன்று விரலில் பிடித்து எழுத, செல்வி அதை உலக்கையைப் போல முஷ்டியில் பிடித்தாள். எழுதும்போது விரல் அசையாது. தோளிலிருந்து மொத்தக் கையும் புறப்பட்டு வரும். ‘அ’ போடச் சொன்னால் சிலேட்டில் ஒரு மண்புழு சண்டை நடக்கும். அழுத்தினால் பல்பம் ஒடியும், மெதுவாகப் பிடித்தால் கோடே விழாது. ஒடிந்த துண்டையெல்லாம் தின்றுவிடுவாள். பல்ப வியாபாரம் அவளை நம்பியே நடந்தது என்று நான் கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை.

அரைப்பரீட்சை முடிந்ததும் டீச்சர் உன்னைக் கூப்பிட்டனுப்பினார். நானும் வந்தேன். “இந்தப் பொண்ணு மந்தம்மா. கை வரல. முழுப்பரீட்சைக்குள்ள பேரையாவது எழுதலன்னா வூட்டோட வச்சுக்குங்க” என்றார். திரும்பி நடந்து வரும்போது நீ செல்வியின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்துக்கொண்டே வந்தாய். “டேய், இவ கையில இன்னாடா கொறை?” என்று என்னைக் கேட்டாய். ஊரில் எதற்கும் பதில் வைத்திருக்கும் நான் அன்றைக்கு வேலியில் இருந்த ஓணானைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அதன்பிறகு நான் மாபெரும் வைத்தியனாக அவதாரம் எடுத்தேன். பல்பத்தை அவள் விரலோடு நூலால் கட்டினேன். அவள் அதோடேயே சோறு தின்றாள். ஆட்டுப்பால் கறந்தால் விரல் இறுகும் என்றேன். ஆடு என்னைத்தான் உதைத்தது. ‘அ’தான் முதல் எழுத்து என்பது பண்டிதர்களின் சதி, ‘ட’தான் உலகத்தின் முதல் எழுத்து, கீழே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு என்று பிரகடனம் செய்தேன். அது மட்டும் கொஞ்சம் பலித்தது.

நீ எந்தப் பிரகடனமும் செய்யவில்லை. மார்கழியில் விதைக்கடலை உடைக்க உட்கார்ந்தபோது அவளையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாய். காயின் மூக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அமுக்கிப் பிளக்கவேண்டும். உள்ளே இருக்கும் பருப்பின் தோல் கிழியக் கூடாது. “தோல் கிழிஞ்சா முளைக்காதுடி” என்பாய், அவ்வளவுதான். முதல் வாரம் அவள் உடைத்ததெல்லாம் நசுங்கி அவள் வயிற்றுக்கே போனது. இரண்டாம் வாரம் பத்தில் நாலு தேறியது. தை முடிவதற்குள் அவள் முறத்தில் முழுப் பருப்புகள் சிவப்பாகக் கிடந்தன. மாசியில் ஒருநாள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ‘செல்வி’ என்று எழுதியிருந்தாள். கொம்பு எழுத்தைவிடப் பெரிசு, ஆனாலும் செல்விதான். டீச்சர் பதிவேட்டில் அவள் பேரை அடிக்கவில்லை.

வைத்தியம் என்னுடையது என்று ஊரெல்லாம் சொன்னேன். அது உன் கடலையா, என் ‘ட’வா, டீச்சரின் பிரம்பா? இல்லை, அந்த மாசியில்தான் அவளுக்கு நிஜமாகவே ஐந்து நிறைந்தது என்பதாலா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

விளங்காதது அது ஒன்று மட்டும் என்றால் பரவாயில்லை. நீ படுத்திருந்த கடைசி வாரம் உன் காலடியில் உட்கார்ந்து, இருபது வருஷமாக வைத்திருந்ததைக் கொட்டினேன். “அக்கா, அன்னிக்கு அவ தலைய நான்தான் சாய்ச்சேன்” என்றேன். நீ திட்டுவாய், அழுவாய் என்று நினைத்தேன். உனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, தண்ணீர் கொடுத்தபிறகு சொன்னாய்: “இந்தாண்ட அவ முழங்கையத் தூக்கி வுட்டது யாருன்னு நினைச்சிக்கினு கீற?”

“நீயா?”

“பின்ன, உன் ஒரு வெரலுக்கே எட்டிடுச்சின்னு நினைச்சியா?”

அக்கா, அப்படியானால் இவள் கையில் என்ன குறை என்று அன்றைக்கு நீ கேட்டது யாரை? என்னையா, உன்னையே கேட்டுக்கொண்டாயா? நான் சொல்லிவிடுவேனோ என்று ஆழம் பார்த்தாயா? காரணம் நம் இருவருக்கும் தெரிந்திருந்தும், ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பிள்ளையின் விரலை நீவிக்கொண்டிருந்தோமே, அது எந்த ஊர் நியாயம்? செல்வியிடம் சொல்லலாமா என்று கேட்டேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். வேண்டாம் என்று அர்த்தமா, தூக்கமா? அதுவும் தெரியவில்லை.

போன வாரம் ஸ்ரீபெரும்புதூரில் செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் மகளுக்கும் நாலு வயது. புதிதாக வந்திருக்கும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறாள். நாலு கோடு போட்ட நோட்டு, கையில் பென்சில், அதே உலக்கைப் பிடி. செல்வி குழந்தையின் முஷ்டியைத் தன் கைக்குள் வைத்து அழுத்தி எழுத வைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் மர ஸ்கேல். குழந்தையின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கோடு. “நான் மக்கு, எனக்குப் பொறந்ததும் மக்கு. வேற எப்படி இருக்கும் மாமா?” என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், தன் ஊர்ப் பேரைச் சொல்வதுபோல. இருபது வருஷமாக அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. “நீ மக்கு இல்லம்மா. உனக்கு அப்ப நாலு வயசு. காது எட்டல, நான்தான் தலையச் சாய்ச்சேன்” என்றேன்.

“நாலா?” என்றாள். சர்டிபிகேட்டில் அப்படி இல்லையே என்றாள். அந்தத் தேதி தலைமையாசிரியரின் கற்பனை என்றேன். ஸ்கேலைக் கீழே வைத்தாள். பிறகு குழந்தையின் கையை விட்டாள். பென்சில் உருண்டு போனது; குழந்தை அதை எடுக்கப் போகவில்லை, நேரே வெளியே ஓடிவிட்டது.

“அம்மாவுக்குத் தெரியுமா மாமா?” என்று கேட்டாள்.

“தெரியாது” என்றேன்.

என் ஆயுளில் இவ்வளவு சுருக்கமாக நான் பொய் சொன்னதே இல்லை, அக்கா. ஒரு அலங்காரம் கிடையாது, ஒரு யானை குதிரை கிடையாது. “அதானே, தெரிஞ்சிருந்தா அம்மா வுட்டிருக்காது” என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் காபி தரவில்லை. கோபம் நியாயம்தான்.

நான் செய்தது சரியா? உன் கையைப் பற்றியும் வாய்க்காலைப் பற்றியும் சொல்லியிருந்தால் உன்னை அவள் புரிந்துகொண்டிருப்பாளா, இல்லை உன்மேலும் கோபப்பட்டிருப்பாளா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. இப்போதைக்கு அவள் கணக்கில் அந்த வேலையைச் செய்தவன் நான் ஒருவன்தான். முழங்கையைத் தூக்கிய உன் கையை அவளுக்குக் காட்டாமல் என்னிடமே வைத்திருக்கிறேன்.