மூடியை அனுப்பு

ஓப்பலூசஸ், லூசியானா
28 ஏப்ரல் 1981

அன்புள்ள நார்விலுக்கு,

கடல் உன்னை நனைக்காமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும். நான் சுகம். நம் சாப்பாட்டுக்கடைதான் சுகமில்லை.

கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிற மனுசன் சட்டை எடுத்துப் போவான், சவரக்கத்தி எடுத்துப் போவான். கறிச்சட்டி மூடியை எடுத்துக்கொண்டு போனவன் நீ ஒருத்தன்தான். சட்டியையாவது எடுத்துப் போனாயா? அதுவும் இல்லை. அம்மணமாக அடுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

நான் தகரத்தட்டைப் போட்டு மூடி, மேலே செங்கல் வைக்கிறேன். சந்து பொந்து வழியாக ஆவியெல்லாம் ஓடிவிடுகிறது. உன் மூடியின் அடிப்பக்கம் முள் முள்ளாக இருக்குமே, ஆவி அதில் திரண்டு கறிமேலேயே சொட்டுமே, அது இல்லாமல் குழம்பு எங்கிருந்து வரும்? திங்கட்கிழமை சிவப்பு பீன்ஸ் தப்பித்தது. செவ்வாய்க்கிழமை பன்றித் துண்டு செருப்பாகிவிட்டது. குழாய் பற்றவைக்கிற க்ளோவிஸ் தட்டை என் மூக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினான். "எலோடி, இதத் திங்கவா, இல்ல பூட்ஸுக்கு அடியில தச்சுக்கவா?" நான் விடுவேனா? "தச்சுக்கோ, ரெண்டரை டாலருக்கு ஒனக்கு எவன் தோல் தருவான்?" என்றேன். சாப்பாட்டுக்கு நின்ற வரிசையே சிரித்தது. ஆனால் அவன் சோற்றை மட்டும் தின்றுவிட்டுப் போய்விட்டான், நார்வில். சோற்றை மட்டும்.

வெள்ளை பீன்ஸுக்கா இவ்வளவு கோபம்? கறி தொடக்கூடாத தவக்கால வெள்ளிக்கிழமையில் புகைபோட்ட பன்றிக்கறியை அந்தப் பீன்ஸ் பானையில் போட்டது உன் கை. ஊரே சாப்பிட்டு வாயைத் துடைத்த பிறகுதான் தெரிந்தது. ஃபாதர் துகா இரண்டாவது தட்டும் வாங்கினார்! நான் சிரிக்காமல் என்ன செய்வேன்? "வாங்க வாங்க, எம் புருசன் கையால ஒரு தட்டு, நேரா நரகம், சோளரொட்டி இனாம்" என்று சொன்னேன். அது ஒரு குற்றமா? கடைக்குக் கூட்டம்தான் கூடியது.

எண்ணெய்மேடையில் பதினாலு நாள் சமையல் வேலை, பதினாலு நாள் லீவு என்று கேள்விப்பட்டேன். லீவுக்கு உன் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறாய். அவன் பெண்டாட்டி சோறு எனக்குத் தெரியும். நல்லா அனுபவி.

மூடியை அனுப்பு.

உன் எலோடி


லூசியானா கரைக்கு அப்பால், வளைகுடா எண்ணெய்மேடை
11 மே

எலோடி,

கடிதம் கிடைத்தது. நலம்.

மூடி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இங்கே அது எந்தப் பாத்திரத்துக்கும் சேராது, எல்லாம் அலுமினியம். அறுபது பேருக்குச் சமைக்கிறேன். சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போகிறார்கள். அது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

பன்னிரண்டு வருடம் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அந்த அடுப்பில் நின்றேன். கைப்பழக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தவறு நடந்தது. மறுநாளே கோவிலில் பாவத்தை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்தேன். சனிக்கிழமை கடவுள் மன்னித்துவிட்டார். நீ நாலு வாரம் மன்னிக்கவில்லை. தினமும் பதினோரு மணிக்கு வரிசை வரும், நீ ஆரம்பிப்பாய். நான் அடுப்படி ஜன்னல் வழியாக உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், இன்றைக்காவது சொல்லமாட்டாள் என்று.

எனக்கு உன் சிரிப்பு பிடிக்கும். அதைக் கேட்டுத்தான் உன்னைக் கட்டினேன். அதில் நானே கறியாகிவிட்டேன்.

மூடியை ஏன் எடுத்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. திரும்பி வர ஒரு காரணம் கையில் இருக்கட்டும் என்று நினைத்திருப்பேன்.

இது உனக்கு மட்டும்.

நார்வில்


ஓப்பலூசஸ்
19 மே

என் நார்விலுக்கு,

கடைசியில் எழுதினாயே, உன் விரல்களுக்கு முத்தம்!

என் படிப்பு உனக்குத் தெரியும், மூன்றாம் வகுப்போடு சரி, பேசுவதை அப்படியே எழுதத்தான் வரும். உன் எழுத்தோ கோழி கிளறியது. முதல் வரிக்கே நான் வேர்த்துவிட்டேன். க்ளோவிஸ் வரிசையில் முன்னால் நின்றான், கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவனுக்குத்தான் கட்டைக்குரலாயிற்றே, கடைசி ஆள்வரை கேட்டிருக்கும். "சனிக்கெழம கடவுள் மன்னிச்சிட்டாரு" என்ற இடத்தில் எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். ஃபாதர் துகாவும் இருந்தார். "நார்வில் எனக்கு மேலதிகாரிகிட்டயே நேரா பேசிட்டான்போல" என்றார். நீ இருந்திருந்தால் நீயே சிரித்திருப்பாய்.

அதற்கப்புறம் வந்ததையும் அவன் வாசித்தான். கடைசி வரி வந்தபோதுதான் அவன் குரல் இறங்கியது. தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "ரைஸ் கொஞ்சம் போடு" என்று மட்டும் சொன்னான்.

சரி, அதை விடு. வா. புதன்கிழமை கோழி உன் கைக்கு ஏங்கிக் கிடக்கிறது. உதவிக்கு வைத்த ரேனெல் இரும்புக் கறிச்சட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டான்! கேட்டால் "அழுக்கா இருந்துச்சுங்க" என்கிறான். பன்னிரண்டு வருடம் இரும்பில் ஊறிய எண்ணெய் ஒரே காலையில் சாக்கடையில். இதற்கு அழுவதா, இதையும் வரிசையில் சொல்வதா?

சொல்லிவிட்டேன். நல்ல சிரிப்பு.

வரும்போது மூடியோடு வா.

உன் எலோடி


ஓப்பலூசஸ்
9 ஜூன்

நார்வில்,

போன செவ்வாய்க்கிழமை தபால்காரன் பின்வாசலில் ஒரு பெட்டி வைத்துவிட்டுப் போனான். கனத்திலேயே தெரிந்துவிட்டது. பழைய செய்தித்தாளை உரித்தேன். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன், தாளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். உன் எழுத்தில் ஒரு வரி இல்லை.

ஏ மனுசா, நான் எத்தனை தடவை கேட்டேன் மூடியை அனுப்பு, மூடியை அனுப்பு என்று! கேட்டதைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறவனிடம் நான் எப்படிச் சண்டை போடுவேன்? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. உன்மேல் முக்கால் பங்கு, மீதி யார்மேல் என்று உனக்குத் தெரியும்.

மூடியைச் சட்டியில் வைக்கவில்லை. வைத்தால் குழம்பு வந்துவிடும். குழம்பு வந்தால் வரிசைக்குத் தெரிந்துவிடும். இப்போது அது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அடுப்பில் பழையபடி தகரமும் செங்கலும்தான். வியாழக்கிழமை வான்கோழி இறக்கை காய்ந்து போய், ஏழு தட்டு அப்படியே மிஞ்சியது. மிஞ்சட்டும்.

இந்தக் கடிதத்தைக் கடைக்கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். நீ எழுதினால் நானே எழுத்துக்கூட்டிப் படிப்பேன், ஒரு நாள் முழுக்க ஆனாலும் பரவாயில்லை. எழுதவில்லையென்றாலும், பதினாலு நாள் லீவு உனக்கு இன்னும் வரும். பஸ் பத்து நாற்பதுக்கு வரும். வரிசை பதினோரு மணிக்குத்தான்.

க்ளோவிஸ் தினமும் கேட்கிறான். நேற்றும் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டான். "என்ன எலோடி, ஒம் புருசன் மூடிய அனுப்புனானா?" பின்னால் இருபது பேர் சிரிக்கத் தயாராக நின்றார்கள்.

"இல்ல" என்றேன். "சோறு எவ்வளவு போடட்டும்?"

எலோடி