நிற்காத ரேடியோ

டல்லி
செப்டம்பர் 10

அன்பு மகள் கொரின்னாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம், முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முதல் நாளே வலிக்கத் தொடங்கிவிடுகிறது, அது உனக்குத் தெரிந்த கதை. அங்கே நீயும் மாப்பிள்ளை டாமியனும் குறையொன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போர்ட் ஹெட்லண்டில் வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள், தொப்பி இல்லாமல் வேலைக்குப் போகாதே. கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே, யாரும் சாகவில்லை. போனில் நீயும் நானும் மழையைத் தாண்டிப் பேசியது கிடையாது, அதனால்தான் எழுதுகிறேன். நான்கு நாளாக எழுதுகிறேன், மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டேன். எங்கிருந்து ஆரம்பித்தாலும் உன்னிடம் வந்து நிற்கிறது, அதுதான் குழப்பம்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்பக்கப் பப்பாளி மரத்துக்கு வரும் ஆள் உயரக் காசோவரிப் பறவை இந்த வருஷம் மூன்று குஞ்சுகளோடு வருகிறது, அப்பன் பறவைதான் கூட்டிக்கொண்டு திரிகிறது, பக்கத்தில் நாய் போனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறது. உன் அம்மா ஜன்னல் வழியாக அதைக் காட்டி, "பாரு லூச்சோ, ஒரு பறவைக்குத் தெரியுது பிள்ளைய எப்படிக் காப்பாத்தணும்னு" என்றாள். ஏன் சொன்னாள் என்பது போகப் போக உனக்கே புரியும். அதற்குப் பிறகு அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை, தட்டை மேஜையில் வைக்கிற சத்தத்தில்தான் சாப்பாடு ஆயிற்று என்று தெரிந்துகொள்கிறேன்.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி எங்கள் வாழைத்தோட்டத்துக் கொட்டகையில் ஒரு பெண்ணுக்கு ஷாக் அடித்துவிட்டது. பெயர் லெய்மாரா, வனுவாட்டுத் தீவிலிருந்து சீசன் வேலைக்கு வந்தவள், வாழைச் சீப்பு கழுவுகிற தொட்டியில் அவளுக்கு வேலை, பாடிக்கொண்டே கழுவுவாள். சாயங்காலம் தரையைக் கழுவுவதற்காகத் தண்ணீர் பீய்ச்சும் மெஷினைத் தொட்டிப் பக்கத்துப் பிளக் பாயிண்டில் மாட்டியிருக்கிறாள். மெஷினின் ஒயரில் எப்போதோ வண்டிச் சக்கரம் ஏறி நசுங்கியிருந்தது, நசுங்கின இடம் ஈரத்தில் கிடந்தது, ஒதுக்கி வைக்கலாம் என்று குனிந்து பிடித்தவள் பிடித்தபடியே நின்றுவிட்டாள். சத்தமே வரவில்லை, பாட்டு நின்றுவிட்டதே என்றுதான் நான் திரும்பிப் பார்த்தேன். ஓடிப்போய்ப் பாயிண்டை அணைத்த பிறகுதான் கை விட்டது. உள்ளங்கை வெந்துபோயிற்று, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை.

இதில் எனக்கு முதலில் புரியாதது என்னவென்றால், மெயின் போர்டில் இருக்கிற நாலு பாதுகாப்பு சுவிட்சில் ஒன்றுகூட அன்றைக்கு விழவில்லை. மனுஷன் மேல் கரண்ட் இறங்கினால் கண் இமைப்பதற்குள் விழுந்து கரண்டைத் துண்டிக்கத்தானே அது இருக்கிறது. சோதித்துப் பார்க்காமலா விட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, முதல் செவ்வாய்க்கிழமை, காலை டீ நேரத்தில் கன்வேயர் பெல்ட் நின்றிருக்கும்போது, ஒவ்வொன்றிலும் டெஸ்ட் பட்டனை அழுத்துவேன், டக்கென்று விழும், தூக்கிவிட்டு நோட்டில் டிக் போட்டுக் கையெழுத்து வைப்பேன். பதினெட்டு வருஷமாக ஒரு செவ்வாய் தவறியது கிடையாது, அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு மிதப்புகூட உண்டு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எலக்ட்ரீஷியன் டெஸ்மண்ட் மீட்டரோடு வந்து எத்தனை நொடியில் விழுகிறது என்று பார்த்து ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிவிட்டுப் போவான். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு எப்படி?

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும். என் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள், நாலு சுவிட்சையும் அழுத்தி விழவைத்தாள், அதோடு போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை, சோதிக்கிற கருவியோடு கொட்டகையைச் சுற்றி ஒவ்வொரு பாயிண்டாகப் பார்த்தாள். தொட்டிப் பக்கத்துப் பாயிண்டுக்கு வந்ததும், நாலும் விழுந்து கிடக்கும்போதே, கருவியில் விளக்கு எரிந்தது. "சார், இதுல இப்பவும் கரண்ட் இருக்கு. இந்தப் பாயிண்ட் எந்தப் பாதுகாப்பு சுவிட்ச்லயும் இல்ல. யாரு இதத் தனியா எடுத்தது?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். கொரின்னா, அது பொய்யா மறதியா என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியவில்லை. வாயிலிருந்து வரும்போது உண்மை மாதிரிதான் வந்தது.

அன்றைக்குக் காரில் வீட்டுக்கு வரும் வழியில்தான் ரேடியோ ஞாபகம் வந்தது. அந்தப் பாயிண்டுக்கு மேல் பலகையில் அதே பழைய ரேடியோ, எப்போதும் அதில்தான் மாட்டியிருக்கும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விளக்கு போகும், ஃபேன் நிற்கும், கெட்டில் அணையும், ரேடியோ மட்டும் ஜம்மென்று பாடிக்கொண்டிருக்கும். அதற்கு எல்லாரும் டீ கப்பைத் தூக்கிக் கைதட்டுவார்கள், பதினொரு வருஷமாகக் கொட்டகையில் அது ஒரு சடங்கு மாதிரி. முதலாளி சில்வியோகூட ஒரு தடவை, "இந்த ரேடியோ செத்தாத்தான்டா நான் தோட்டத்த விப்பேன்" என்றார். போன ஜூன் மாதச் செவ்வாயில் லெய்மாரா புதுசு, வந்து இரண்டு வாரம்தான். கைதட்டலெல்லாம் ஓய்ந்த பிறகு, "பாஸ், எல்லாம் நின்னுச்சு, அது மட்டும் ஏன் பாஸ் நிக்கல?" என்று கேட்டாள். "அது கெட்டிக்கார ரேடியோ, யார் பேச்சையும் கேக்காது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பதினொரு வருஷத்தில் சரியான கேள்வி கேட்ட ஒரே ஆள் அவள்தான், ஷாக் அடித்ததும் அவளுக்குத்தான்.

இதற்கு நடுவில் பழி டெஸ்மண்ட் மேல் இறங்க ஆரம்பித்துவிட்டது. சீட்டு ஒட்டினது அவன்தானே, அவன் லைசென்ஸைப் பிடுங்குவதைப் பற்றிப் பேசுகிறார்கள். போன ஞாயிறு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தான், நான்தான் போய்க் கதவைத் திறந்தேன். "லூச்சோ, நான் சுவிட்சத்தான்யா டெஸ்ட் பண்ணேன், ஒவ்வொண்ணும் அழகா விழுந்துச்சு. ஒரு பாயிண்டு அதுலேர்ந்து வெளிய கிடக்குதுன்னு நான் கனவா கண்டேன்? எல்லாப் பாயிண்டையும் பாத்திருக்கணும்தான், பாக்கல, ஆனா வெளிய எடுத்தவன் எவன்யா?" என்றான். உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அம்மா லசானியா சூடு பண்ணிக் கொடுத்தாள், அவன் தொடவே இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை கொட்டகைக்குச் சீக்கிரமாகப் போய் போர்டுக் கதவின் உள்பக்கம் மாட்டியிருக்கிற காலண்டரைக் கழற்றினேன். எதற்குக் கழற்றினேன், எனக்கு என்ன தெரிந்திருந்தது, அதுவும் புரியவில்லை, கை தானாகப் போயிற்று. அடியில் நீ ஒட்டின காகிதம் இருந்தது. பழுத்துப்போன டேப், நீலப் பேனா, உன் எழுத்து. "தொட்டிப் பாயிண்ட் தற்காலிகமாக நேராகக் கொடுத்திருக்கிறது. புது பம்ப் வந்ததும் பாதுகாப்பு சுவிட்சில் திரும்பச் சேர்க்கணும். அப்பா, மறக்காதே." கீழே உன் பெயரும் ஜனவரி மாதத் தேதியும்.

அப்புறம் எல்லாம் வந்துவிட்டது. அந்த ஜனவரியில் பத்து நாள் விடாமல் மழை, தொட்டிப் பாயிண்டில் ஓடின பழைய பம்பில் கரண்ட் கசிந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாதுகாப்பு சுவிட்ச் விழுந்துகொண்டிருந்தது, பெல்ட் நின்று நின்று பழமெல்லாம் தேங்கி லாரி வேறு காத்திருந்தது. உனக்கு எலக்ட்ரீஷியன் லைசென்ஸ் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட்டது நான். நீ பார்த்துவிட்டு, "இது வேணாம்ப்பா, டெஸ்மண்ட் அங்கிள் வரட்டும், பம்ப மாத்துறதுதான் வழி" என்றாய். நான்தான், "ஒரு வாரத்துக்குத்தான்டி, அப்பனுக்காக இதுகூடச் செய்ய மாட்டியா" என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொன்னேனா இல்லை குற்ற உணர்ச்சியில் இப்போது கட்டுகிறேனா என்று இரண்டு நாள் குழம்பினேன். உன் அம்மாவைக் கேட்டேன். "சொன்னே. அன்னிக்கு ராத்திரி அவ சாப்பிடாமப் படுத்தா, நான்தான் என்னன்னு கேட்டேன்" என்றாள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

புது பம்ப் மார்ச்சில் வந்தது. நீ அதற்குள் மேற்கே போய்விட்டாய். டெஸ்மண்டை ஒரு போன் போட்டுக் கூப்பிட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை. அடுத்த டெஸ்டில் எல்லாம் நின்று ரேடியோ மட்டும் கிரிக்கெட் வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தது, எல்லாரும் கைதட்டினார்கள், எனக்கும் சந்தோஷமாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் போர்டுக் கதவில் காலண்டர் மாட்டுவது நான், ஒவ்வொரு ஜனவரியும் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவதும் நான். அந்தக் காகிதத்தை நான் பதினொரு தடவை பார்த்திருக்க வேண்டும். பார்த்த ஞாபகம் ஒன்றுகூட இல்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பதை ஒரு மனுஷன் இப்படி எப்படிப் பார்க்காமல் இருப்பான், நீயே சொல்லு.

காகிதம் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. அம்மா சொல்வது ஒன்றே ஒன்றுதான், "அடுப்புல போடு. டெஸ்மண்டுக்கு அறுபத்தஞ்சு வயசு, எப்படியும் ஓயப்போறான். அவ லைசென்ஸ் போச்சுன்னா அவளுக்குக் கையில என்ன இருக்கு?" அவள் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் கஷ்டம். ஒரு நாள் அடுப்புக்குப் பக்கத்தில் வரைக்கும் போனேன். காகிதத்தை மறுபடி படித்தேன். எழுதினது நீதான், ஆனால் அதில் கூப்பிட்டிருப்பது என்னை, மறக்காதே என்று சொன்னது என்னிடம். அதை எரித்தால் நீ சொன்னதையும் சேர்த்து எரிக்கிறேன் என்று பட்டது.

அதனால் இன்ஸ்பெக்டர் திரும்ப வருகிற இருபத்திரண்டாம் தேதி அதை அவள் கையில் கொடுக்கப்போகிறேன். வேண்டாம் என்றவளை வற்புறுத்தினது நான், பம்ப் வந்தபிறகு யாரையும் கூப்பிடாதது நான், தெரியாது என்று சொன்னதும் நான், மூன்றையும் என் வாயால் சொல்லிவிடுவேன். உன் லைசென்ஸுக்கு என்ன ஆகும் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை, விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது, அதற்காகத்தான் இதை எக்ஸ்பிரஸ் தபாலில் போடுகிறேன். காகிதத்தின் நகல் ஒன்று உள்ளே இருக்கிறது. இருபத்திரண்டுக்குள் திட்ட வேண்டியதெல்லாம் போன் போட்டுத் திட்டிவிடு, மழையைப் பற்றிப் பேச மாட்டேன், கேட்டுக்கொண்டிருப்பேன். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை, அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். போன செவ்வாய்தான் இந்த மாதச் சோதனை நடந்தது, வெளியூர் ஆள் வந்து பாயிண்டைத் திரும்பச் சேர்த்த பிறகு முதல் தடவை. லெய்மாரா வேலைக்குத் திரும்பிவிட்டாள், இடது கையால் பழத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். பட்டனை அழுத்தினேன். விளக்கு போயிற்று, ஃபேன் நின்றது, ரேடியோவும் பாட்டின் நடுவில் நின்றது. ஒருத்தரும் கைதட்டவில்லை. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. லெய்மாராதான், "இப்ப சரியா இருக்கு பாஸ்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஸ்டிக்கரை எடுத்தாள். நான் நோட்டில் டிக் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் துணையாக, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், கடவுள் உங்களைக் கைவிட மாட்டார். அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், என்னிடம் இல்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். உன் வீட்டு போர்டிலும் மாதா மாதம் பட்டனை அழுத்திப் பார், அழுத்தினதோடு விடாமல் ஒரு விளக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாயிண்டிலும் மாட்டி, எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பார். மறக்காதே. இந்த வார்த்தையை உனக்கு எழுத எனக்கு யோக்கியதை இல்லைதான், இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் அப்பா
லூச்சானோ