மூடி வைத்த பிழைப்பட்டியல்

இன்று காலை கீழே உரக்கடையில் வேப்பம்புண்ணாக்கு மூட்டை இறக்கினார்கள். அந்த வாடை மாடிப்படியேறி நம் அலுவலகத்துக்குள் வந்தது. லாரி வந்து நிற்கும்போதெல்லாம் வரிசையாக ஏழெட்டுத் தும்மல் போட்டுவிட்டு, "இன்னிக்கு வேலை நடந்தாப்புலதான்" என்பாய். இன்று யாரும் தும்மவில்லை. எழுந்து சன்னலைச் சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். சொல்வதற்கு ஒரு சேதியும் இருக்கிறது.

ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சு, பிறகு கணினி நிரல் எழுதித்தர சின்னமனூரில் இந்த ஒற்றை அறை. ஆரம்பத்தில் நம்மைத் தேடி வந்தவர்களில் பாதிப்பேர் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள். அப்போதுதான் மருந்துக்கடை அண்ணன் வந்தார். இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் வைத்திருந்தார். "யாருக்காச்சும் ரத்தம் வேணும்னு மெசேஜ் வந்தா, பக்கத்து ஊர்ல இருக்கவுகளுக்கு அதுவாப் போயிரணும் ஆத்தா. நான் ஒவ்வொருத்தரா போன் போட்டு முடியல" என்றார். நாம் இருவரும் அதற்கான நிரலை பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதினோம். நன்றாகவே ஓடியது.

ஓடுகிற நிரலில் என்ன குறை பார்ப்பது என்பது என் கட்சி. நீதான் அந்தச் சோதனைக் கருவியைக் கொண்டுவந்தாய். நிரலை ஓட்டிப் பார்க்காமல், எழுதியதை வரி வரியாக வாசித்து, எது எங்கே தடுக்கும் என்று சொல்லும் கருவி. முதல் நாள் அது என் கோப்புகளில் மட்டும் நூற்றுக்கணக்கில் குறை சொன்னது. எனக்கு முகம் சிவந்துவிட்டது.

"இது என்னையத் திட்டுறதுக்குன்னே வந்திருக்கு" என்றேன்.

"திட்டல புள்ள. வாசிக்குது. நீயும் நானும் நம்ம எழுதுனதத் திரும்ப வாசிச்சு எத்தன மாசமாச்சு?"

நான் கேட்கவில்லை. பழைய குறைகளையெல்லாம் ஒரு பட்டியலில் போட்டு, இவற்றைச் சொல்லாதே என்று கருவிக்குக் கட்டளையிட ஒரு வழி இருந்தது. நீ மதிய சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அதைச் செய்தேன். குறை ஒன்றுமில்லை என்று திரை பச்சையாகிவிட்டது. திரும்பி வந்து பார்த்த நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். "மூடி வச்சுட்டே. சரி. என்னைக்காவது தெறக்கணும், ஞாபகம் வச்சுக்க" என்றாய்.

அடுத்த மாதமே திறக்க வேண்டி வந்தது. பக்கத்து ஊரான தேவாரத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு. அவள் கணவன் அனுப்பிய செய்திக்கு நம் நிரல் அசையவே இல்லை. பதில் வராமல் அவன் மருந்துக்கடைக்கே போன் செய்ய, அண்ணன் பழைய நோட்டை எடுத்து ஆள் பிடித்தார். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். மறுநாள் அண்ணன் மாடியேறி வந்து நின்றார். "மெசேஜ் போட்டோம் போட்டோம்னு அழுதாக ஆத்தா."

அவர் போனதும் நீ அந்தப் பட்டியலைத் திறந்தாய். அந்தச் செய்தியைத் தவறவிட்ட வரி அங்கே இருந்தது. நான் எழுதியது. செய்தியில் ரத்தவகை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று அது தேடும். முதல் இடத்துக்கு பிஎச்பி சொல்லும் எண் சுழியம். அந்தச் சுழியத்தை 'இல்லை' என்று என் வரி எடுத்துக்கொண்டது. ஊர்ப்பெயரை முதலில் எழுதியவர்களுக்கெல்லாம் வேலை செய்தது. அந்த மனிதன் பதற்றத்தில் ரத்தவகையை முதலில் எழுதிவிட்டான். கருவி அந்த இடத்தைத்தான் முதல் நாளே சுட்டிக்காட்டியிருந்தது.

நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வரியைத் திருத்திவிட்டு, "வா, தேவாரம் போயிட்டு வருவோம்" என்றாய். உன் வண்டியில் போனோம். அந்தக் கணவனிடம், தவறு எங்கள் பக்கம்தான் என்று என் வாயால் சொல்லவைத்தாய். அவன், "இனிமே பதில் வருமில்ல?" என்று மட்டும் கேட்டான். "வரும்ணே" என்றாய் நீ.

அன்றிலிருந்து தினம் பத்துக் குறை என்று கணக்கு வைத்துத் தீர்த்தோம். பிறகு உன் மார்பில் கட்டி வந்தது. மதுரைக்கு ஊசி போடப் போய் வந்த நாட்களில்கூட, "இன்னிக்குப் பத்து முடிச்சியா?" என்று போனில் கேட்பாய். சில நாள் பொய் சொன்னேன். நீ கண்டுபிடித்திருப்பாய்.

நீ போன பிறகு என் கோப்புகளை எல்லாம் முடித்தேன். உன் கோப்புகளை மட்டும் தொட மனம் வரவில்லை. உன் கை பட்டது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். தேவாரத்துக்காரனின் கேள்வி ஞாபகம் வந்தபோது அது சரியில்லை என்று பட்டது. போன வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தேன். கடைசியாக ஒன்று மிஞ்சியது. 'இந்த வரிக்கு நிரல் ஒருபோதும் வந்து சேராது' என்றது கருவி. வேலை முடிந்தது, திரும்பு என்ற கட்டளைக்குக் கீழே ஒரு வரியை எழுதி வைத்திருக்கிறாய். ரத்தம் கொடுத்தவருக்கு மறுநாள் காலையில் போகவேண்டிய செய்தி அது: 'நீங்க குடுத்த ரத்தம் போய்ச் சேந்துருச்சு. நல்லாச் சாப்பிட்டீங்களா?'

இத்தனை நாளும் அது ஒருவருக்கும் போகவில்லை. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நீயும் தப்புச் செய்திருக்கிறாய். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வரியை எடுத்துக் கட்டளைக்கு மேலே வைத்தேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

இப்போதெல்லாம் யாராவது என் வேலையில் குறை சொன்னால், பதில் சொல்லும் முன் கடைசிவரை வாசித்துவிடுகிறேன். முகம் சிவப்பது நிற்கவில்லை. ஆனாலும் வாசிக்கிறேன். இது உன்னிடமிருந்து வந்தது.

சேதி என்று சொன்னேன் அல்லவா? நேற்றுக் காலை ஒரு டிராக்டர் ஓட்டுநர் போன் செய்தார். நாலு தடவை ரத்தம் கொடுத்தவராம்.

"இந்த மெசேஜ அனுப்புனது யாரு தாயி?"

"என் சிநேகிதி எழுதுனதுண்ணே."

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. சாப்ட்டேன்னு அவுககிட்டச் சொல்லிருங்க."

சரியென்று சொன்னேன். அவர் சாப்பிட்டாராம்.