மேல்மண்

அன்புள்ள அப்பாவுக்கு,

கென்யாவிலிருந்து இளவேனிலின் வணக்கம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் எரிகிறது.

மனிதனின் மூதாதைகளைத் தேடித் தோண்டும் இடத்தில் எனக்கும் ஒரு மூலை ஒதுக்கினார்கள். “மேல கிடக்கிறதெல்லாம் வெறும் மண்ணும்மா, சரக்கு அடியிலதான் இருக்கு” என்று நிலக்கரி மைன்ஸ் ஷிப்ட் முடிந்து வந்து சொல்வீர்களே, அதே நினைப்பில் மேல்மண்ணை அள்ளி மேட்டில் கொட்டிவிட்டேன். பிறகு சலித்துப் பார்த்தால், அதில்தான் ஓர் ஆதிமனிதக் குழந்தையின் பால்பல் இருந்திருக்கிறது. எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாததால், பத்து லட்சம் வருடமா இருபது லட்சமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. குழுத்தலைவர் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் கடுப்பு. மேடு முழுவதையும் இப்போது நானே சலிக்கிறேன்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள், சோறு இறங்கவில்லை. ஜீப் ஹாரன் அடிக்கிறது.

அப்பா, என் முதல் பல்லைச் சாணியில் பொதிந்து மொட்டைமாடியில் எறிந்தீர்களே, அது எந்த பிளாக் குவார்ட்டர்ஸ்? மூன்று வீடு மாறிவிட்டோம். மறக்காமல் எழுதுங்கள். அந்தப் பல் கிடந்த இடமாவது யாருக்காவது தெரிந்திருக்கட்டும்.

இளவேனில்