கடைசி சைஸ் பிஸ்டன்

மாமா,

சோறு வடிச்சிட்டேன். நேத்து வச்ச மீன் கொழம்பு இருக்கு, சுட வச்சிக்கோ.

கடலூர்ல ஒரு கடை விடாம ஏறி எறங்கிட்டேன். எங்கப்பா வண்டிக்கு அந்தக் கடைசி சைஸ், இருக்கறதுலயே பெரிய பிஸ்டன், இப்ப வர்றதே இல்லையாம். வேற வண்டி பிஸ்டன் ஒண்ணைக் காட்டுனாங்க. பின்னு போற ஓட்டை பெருசு, சேராதுன்னுட்டாங்க. மொதல்ல பிஸ்டனைக் கையில வாங்கு, அப்புறம் அதோட அளவுக்கு சிலிண்டரைக் கடைஞ்சி போர் அடிக்கலாம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். நீ கேட்டியா? "எல்லாம் கெடைக்கும்டி"ன்னு சிதம்பரம் லேத்துல சிலிண்டரைக் கடைஞ்சிட்டு வந்து நின்ன. இனிமே கடையறதுக்கு அதுல இரும்பு இல்ல.

அப்பா போனதுக்கப்புறம் அந்த வண்டி சத்தத்தை ஒரே ஒரு தடவை கேக்கணும்னுதான ஆசைப்பட்டேன். அதுவும் போச்சு.

காயலான் கடை பக்கிரி அண்ணன் சாயந்தரம் வருவாரு. வண்டியைக் குடுத்துடு. அவர் தூக்கிட்டுப் போறதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல. கிள்ளையில இருக்கற அக்கா வீட்டுக்குப் போறேன். வண்டி சாவி சாமி படத்துக்குப் பின்னால இருக்கு.

தனம்

சுகர் மாத்திரையை மறந்துடாத.

பழைய பிஸ்டனை மட்டும் குடுத்துடாத மாமா. அது எங்கப்பா ஓட்டித் தேஞ்சது.