புது வண்டியின் மூக்கைத் தொடாதே

மோலெபொலோலே,
நவம்பர் 9

அன்பு மகள் பொனோலோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மொடிசே மாமாவும் மாடுகளும் நலம், மழை ஒன்றுதான் நலமில்லை, எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப் போகிறது. மான்செஸ்டரில் நீயும் உன் இருமலும் எப்படி? போன வாரம் போனில் புது வண்டியைப் பற்றிக் கேட்டாய், சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது, எனக்குத்தான் முகம் இல்லை. ஒரு மனிதனின் வேலைக்கு உன் அம்மா உலை வைத்துவிட்டாள், அதை வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், ஆனால் உன் சித்திக்குச் சொல்லாதே.

அக்டோபர் வெயில் உனக்குத் தெரியும். வண்டியில் ஏசியை முழுசாகத் திருகினாலும் மாடு மூஞ்சியில் மூச்சு விடுகிற மாதிரித்தான் காற்று வந்தது. நாலாம் வகுப்போடு நின்று, சோப்பு சுற்றி வந்த செய்தித்தாளில் ஆங்கிலம் கற்றவள் நான், வண்டியோடு வந்த புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்து முடித்துவிட்டுத்தான் தலைநகர் கபரோனேக்கு, வண்டி வாங்கிய ஷோரூமுக்கே கிளம்பினேன். கையில் சாட்சி வேண்டுமே என்று கன்றுக்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் எடுத்துப் போனேன். அங்கே எல்லார் முன்னாலும் அதை ஏசி வாயில் செருகி எடுத்து, பாருங்கள் நாற்பத்தொரு டிகிரி என்று கூவினேன். திரோ என்று ஒரு மெக்கானிக், நாற்பது வயது இருக்கும், அதை வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாக, "அம்மா, இத உதறிட்டு வைக்கணும், இது போன வாரத்துக் கன்னுக்குட்டியோட காய்ச்சல்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் அவர் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

மூன்று தடவை போனேன். ஏசி காஸ் சரியாக இருக்கிறது என்றார்கள். மூன்றாம் தடவை திரோ, "ஓடறப்ப கொஞ்சம் சில்லுன்னு வருது, நின்னா சூடாயிடுது. முன்பக்கம் காத்து எங்கயோ அடைபடுதும்மா, கிரில்ல கழட்டிப் பாத்துடறேன்" என்றார். பிப்ரவரியில் வாங்கிய வண்டியின் மூக்கைக் கழற்றுவதா! "உனக்குத் தெரியாத வேலைய என் வண்டியில கத்துக்காத, கைய எடு" என்று ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மூன்று பக்கம் புகார் எழுதினேன், அதைப் பட்டறையில் எல்லார் முன்னாலும் படித்தாக வேண்டும் என்றும் எழுதினேன். மேனேஜர் மொகோட்சி அப்படியே படிக்க வைத்தார். திரோவை வண்டி கழுவுகிற இடத்துக்கு மாற்றி, வேலையில் வைப்பதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமை விசாரணை வைத்திருப்பதாக எனக்குப் போன் வந்தது. நான் ஒரு தேநீர் கூடுதலாகக் குடித்தேன், அவ்வளவு சந்தோஷம்.

அந்தத் திங்கட்கிழமை மாட்டுப் பட்டிக்குப் போகும் வழியில் ஒரு கினிக்கோழி பறந்து வந்து முன்பக்கம் மோதியது. கிரில் உடைந்து தொங்கியது. இறகைப் பிடுங்கலாம் என்று குனிந்தேன். உள்ளே பச்சை நிழல்வலை. கீரைப் பாத்திக்குப் போட்டதில் மிச்சம். நாலு மூலையிலும் கன்றுகளுக்கு அடையாளம் கட்டும் சிவப்பு நூல், என் முடிச்சு. ஏப்ரலில் புல் ஆள் உயரம் நின்றபோது, விதை புகுந்து ரேடியேட்டரை அடைக்கக் கூடாது என்று நானேதான் மாமாவை விளக்குப் பிடிக்கச் சொல்லி உள்பக்கமாகக் கட்டினேன், அப்புறம் அடியோடு மறந்துபோனேன். வலை முழுக்கப் புல் விதையும் அந்துப்பூச்சியும் புழுதியும் அப்பி, சுவர் பூசின மாதிரி இருந்தது. அறுத்துப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினால், பொனோலோ, கறிக்கடை குளிர் அறை தோற்றது.

உடனே கபரோனேக்கு ஓடியிருப்பேன் என்று நினைக்காதே. வலையைக் கோழிக் கூண்டுக்கு அடியில் ஒளித்தேன். இந்த வண்டி உதவாது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன் இல்லையா, அதனால் மூன்று நாள் ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, நாற்பது டிகிரியில் வியர்வை வழிய ஓட்டினேன். "அக்கா, கண்ணாடிய ஏத்தி அதப் போடேன், நான் அடுப்புலயா உக்காந்திருக்கேன்?" என்றான் மாமா. எனக்குக் காற்று பிடிக்கும் என்றேன். "அப்ப அந்த ஆளு தெனம் வண்டி கழுவட்டும், நீ காத்து வாங்கு" என்றான்.

வெள்ளிக்கிழமை வலையைச் சாக்கில் சுருட்டி எடுத்துப் போய் மொகோட்சியின் மேஜை மேல் விரித்தேன், விதை எல்லாம் அவர் காகிதங்கள் மேல் கொட்டியது. அவர், "விடுங்கம்மா, ஏசி வந்துடுச்சுல்ல, மத்தத நாங்க உள்ளுக்குள்ள பேசிக்கறோம்" என்றார். "புகார வெளியில படிச்சீங்க, இத மட்டும் உள்ளுக்குள்ளயா? எல்லாரையும் கூப்பிடுங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை, கடைசியில் கூப்பிட்டார்கள். வலையைக் கட்டியது நான்தான் என்று முந்தின இரவு எழுதி வைத்திருந்ததை நானே நின்று படித்தேன். உதிரிபாகம் விற்கிற பெண், "கீரை வலையாம்மா? கொஞ்சம் தண்ணி ஊத்தியிருந்தா ஏசியிலயே கீரை மொளைச்சிருக்கும்" என்றாள், கூடம் முழுக்கச் சிரிப்பு, நானும் சிரித்தேன். திரோ சிரிக்கவில்லை, கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. "ஏன்ப்பா தெனம் ஈரத்தோட வர்றீங்கன்னு என் பொண்ணு கேக்குது. அதுக்கும் ஒரு லெட்டர் எழுதித் தருவீங்களா?" என்றார். எதற்கும் பதில் வைத்திருக்கும் உன் அம்மா காகிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விசாரணையை ரத்து செய்து அவரைப் பட்டறைக்கே திருப்பி அனுப்பினார்கள்.

நேற்று உடைந்த கிரில்லை மாற்றப் போனேன். வேண்டுமென்றே அவர் பெயரைச் சொல்லித்தான் கேட்டேன். வந்தார், வணக்கம் சொல்லவில்லை. நம் ஊரில் அது கன்னத்தில் அறைவதை விடப் பெரிது, எனக்கு அது தகும். ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "கழட்டலாமா?" என்றார். கழற்று தம்பி என்றேன். ஒரு மணி நேரம் வெயிலில் பக்கத்திலேயே நின்றேன். ஒரு திருகை அவர் எனக்குப் பிடிக்காத பக்கத்திலிருந்து திருகினார், அதற்கும் வாயைத் திறக்கவில்லை. பாதி வேலையில், தலையைத் தூக்காமலே, "நெழல்ல போய் உக்காருங்கம்மா" என்றார். போய் உட்கார்ந்தேன்.

உன் அறையில் ஹீட்டர் சூடு தரவில்லை என்று வீட்டுக்காரரோடு சண்டை என்றாயே, அடுத்த கடிதம் அவருக்கு எழுதும் முன் அதன் மேல் துணி காயப் போட்டிருக்கிறாயா என்று பார், நீ என் மகள். இருமலுக்கு இஞ்சி போட்டுக் குடி, ஞாயிறு வேலைக்கு ஒத்துக்கொள்ளாதே. அங்கே மழை போதும் போதும் என்பாய், இருந்தாலும் வேறு வாழ்த்து எனக்குத் தெரியாது: நீ நடக்கிற வழியெல்லாம் மழை பெய்யட்டும், உன் கை தொட்டது தழைக்கட்டும்.

தலை குனிந்தாலும் கழுத்து வளையாத,
உன் அம்மா